ஏவாள் முதல் நியூட்டன் வரை: கதைகளில் ஏன் எப்போதும் ஆப்பிள்?

மகளுக்குத் தினமும் கதை படித்துக் காட்டும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "ஏவாள் தின்றது ஆப்பிள், ஸ்னோ ஒயிட் மயங்கி விழுந்தது ஆப்பிளால், வில்லியம் டெல் குறிவைத்தது ஆப்பிளை, நியூட்டன் தலையில் விழுந்ததும் ஆப்பிள். இவற்றில் எது உண்மை? இந்தப் பழத்துக்குள் மேல்நாட்டார் ஏதாவது ரகசியப் பொருளை வைத்திருக்கிறார்களா?" ஒரே மூச்சில் கேட்கப்பட்டாலும் இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எது நடந்தது, எது நடக்கவில்லை என்பது ஒன்று. நடந்ததோ இல்லையோ, ஏன் ஆப்பிளே வந்து நிற்கிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஆவணங்களைக் கொண்டே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதில்தான் ஆளுக்கொரு கருத்து உலவுகிறது.

கல்லூரியில் பல ஆண்டுகள் ஒப்பிலக்கியம் நடத்தியவன் நான். ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகள்தாம் என் துறை. மற்றவற்றை அத்துறை அறிஞர்களிடமிருந்து கற்றுக்கொண்டேன். வகுப்பில் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி தருவேன். கதையில் வரும் பழத்தை எடுத்துவிட்டு வேறு ஒரு பழத்தை வைத்துப் பாருங்கள். கதை நிற்கிறதா, சரிகிறதா? நின்றுவிட்டால் ஆப்பிள் அங்கே வெறும் பழம், கைக்கு எட்டியதால் வந்த பழம். சரிந்தால்தான் ஆப்பிளுக்கே உரிய ஏதோ ஒன்று அந்தக் கதையில் வேலை செய்கிறது. நீங்கள் கேட்ட கதைகளையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

ஏதேன் தோட்டத்தில் உறுதியான பகுதி மிகச் சிறியது: ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் ஆப்பிள் இல்லை. தோட்டத்தின் நடுவில் இருக்கும் மரத்தின் கனி என்று மட்டுமே மூலம் சொல்கிறது. நம் தமிழ் வேதாகமத்திலும் "கனி" என்றுதான் இருக்கிறது. வீட்டில் இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். ரபிகள் எனப்படும் யூத மதகுருக்கள் இதைப் பற்றிப் பழங்காலத்திலேயே விவாதித்திருக்கிறார்கள். அவர்களின் விவாதங்களைத் தொகுத்த தால்முத் நூலில் ஒருவர் திராட்சை என்கிறார், ஒருவர் அத்தி என்கிறார், இன்னொருவர் கோதுமை என்கிறார். அத்தி என்பவரின் வாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்: எந்த மரத்தால் கெட்டார்களோ அந்த மரத்தாலேயே மானம் காத்துக்கொண்டார்கள், பழத்தைத் தின்றதும் அவர்கள் தைத்துக் கட்டிக்கொண்டது அத்தியிலைதானே என்கிறார். ஆப்பிள் என்று அவர்களில் எவரும் சொல்லவில்லை.

பிறகு ஆப்பிள் எப்படி வந்தது? லத்தீனில் தீமையைக் குறிக்கும் சொல்லும் ஆப்பிளைக் குறிக்கும் சொல்லும் ஏறக்குறைய ஒன்று, அந்தச் சிலேடையே காரணம் என்று நீண்ட காலமாகப் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. இதை முடிந்த முடிவாக இப்போது யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அஸ்ஸான் யாதின்-இஸ்ராயேல் என்ற அறிஞர், 12ஆம் நூற்றாண்டு பிரான்சில் ஓவியங்களில்தான் ஆப்பிள் தலைகாட்டத் தொடங்குகிறது, அங்கே பொதுவாகப் பழத்தைக் குறித்த சொல் ஆப்பிளை மட்டும் குறிப்பதாகச் சுருங்கியதே காரணம் என்று 2022இல் வாதிட்டிருக்கிறார். எனக்கு அது கூடுதல் நியாயமாகப் படுகிறது. விவாதம் இன்னும் முடியவில்லை.

ஓவியங்களையே பார்ப்போம், அவை கண்ணுக்குத் தெரிந்த சாட்சிகள். ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் வாழ்ந்த லூக்காஸ் கிரானாக் 1526இல் வரைந்த ஆதாம் ஏவாள் ஓவியம் லண்டன் கோர்ட்டால்ட் காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கிளை தாழக் காய்த்துத் தொங்குவது ஆப்பிள், ஐயமே இல்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1508 முதல் 1512 வரை ரோமில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையில் மைக்கேலேஞ்சலோ தீட்டியது அத்தி மரம். இத்தாலியருக்கு அத்தி, ஜெர்மானியருக்கு ஆப்பிள். அவரவர் ஊர்ச் சந்தையில் கிடைத்த பழம் ஏதேனில் காய்த்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. இதற்கு எதிரான சான்று ஒன்றும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பெல்ஜியத்தின் கென்ட் நகரத் தேவாலயத்தில் யான் வான் எய்க் 1432இல் முடித்த பலிபீட ஓவியத்தில் ஏவாள் கையில் இருப்பது மேடுபள்ளமான தோலுடைய, நம் நார்த்தங்காய் இனத்துப் பழம். அது அந்தக் குளிர்நாட்டில் விளைவதில்லை. வான் எய்க் 1428-29இல் போர்ச்சுகல் போய் வந்தவர், அங்கே அதைப் பார்த்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எப்படி இருந்தாலும், ஏதேன் கதை எந்தப் பழத்தை வைத்தாலும் அசையாமல் நிற்கிறது. அந்தக் கதைக்கு வேண்டியது ஒரு தடை, ஒரு கை, ஒரு கடி, அவ்வளவுதான்.

கிரேக்கக் கதைகளை விரைவாகக் கடந்துவிடலாம். பெலியஸ், தெட்டிஸ் திருமணத்துக்கு அழைக்கப்படாத கலக தேவதை எரிஸ், "பேரழகிக்கு" என்று எழுதிய பொற்பழத்தை விருந்தில் உருட்டிவிடுகிறாள். மூன்று தேவியர் அதற்குப் போட்டியிட, தீர்ப்புச் சொல்ல வந்த இளவரசன் பாரிஸ் கடைசியில் டிராய் நகரத்தையே அழிவுக்கு இழுத்துச் செல்கிறான். அந்தக் காலக் கிரேக்கத்தில் ஆப்பிளுக்கான சொல் பல மரப்பழங்களுக்கும் பொதுவாக வழங்கியது. ஹெஸ்பெரிடெஸ் தேவதைகள் காத்த பொற்பழங்களை ஆரஞ்சு, எலுமிச்சை வகை என்றே பிற்காலத்தார் எடுத்துக்கொண்டார்கள், தாவரவியலில் அந்த வகைப் பழத்துக்கு இன்றும் அந்தத் தேவதைகளின் பெயர்தான் வழங்குகிறது. தேவர்களுக்கு நடுவே பகிர முடியாத ஒற்றைப் பழத்தைக் கொண்டுவந்து போட்டால் என்ன ஆகும் என்பது, நாரதர் கொண்டுவந்த மாம்பழத்தையும் பழனிக்குப் போன முருகனையும் அறிந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே ஆப்பிள், இங்கே மாம்பழம். கலகம் மூட்டும் வேலையை இரண்டும் ஒரே திறமையோடு செய்கின்றன.

இப்போது ஸ்னோ ஒயிட். இங்கேதான் என் பயிற்சி முதன்முதலாகத் தோற்கிறது, அதாவது ஆப்பிள் ஜெயிக்கிறது. ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட முதல் தொகுதியில் இது 53ஆம் கதை. அந்தப் பதிப்பில் பெண்ணைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாயே. 1819ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். அரசி மூன்று முறை முயல்கிறாள். முதலில் இடுப்புக் கச்சையின் கயிற்றை மூச்சு முட்ட இறுக்குகிறாள், அடுத்து நஞ்சு தோய்த்த சீப்பு, மூன்றாவதாக ஆப்பிள். கதையில் அந்த இடத்தை மெதுவாகப் படியுங்கள். யாரும் நுழையாத தனி அறையில் அரசி ஒரு பழத்தைத் தயாரிக்கிறாள். வெளியிலிருந்து பார்த்தால் அழகான பழம், வெள்ளை நிறம், செக்கச்சிவந்த கன்னம். குடியானவப் பெண் வேடத்தில் குள்ளர்களின் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். எதையும் வாங்கிக்கொள்ளக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்கிறாள் ஸ்னோ ஒயிட். விஷம் என்று பயப்படுகிறாயா, பார், பழத்தை இரண்டாக வெட்டுகிறேன், சிவந்த பாதி உனக்கு, வெள்ளைப் பாதி எனக்கு என்கிறாள் கிழவி. அவள் தன் பாதியைத் தின்பதைப் பார்த்த பிறகுதான் பெண் கை நீட்டுகிறாள். நஞ்சு சிவந்த பாதியில் மட்டும்.

வேறு எந்தப் பழத்தால் இந்த வஞ்சகத்தைச் செய்ய முடியும்? ஒரே பழத்தில் இரண்டு நிறம் வேண்டும். கத்தியால் பாதியாக்கிக் கையில் பிடித்துத் தின்னும்படி சதை கெட்டியாக இருக்க வேண்டும். நறுக்கிய பாதி தனித்தனியாக நிற்க வேண்டும். கடித்த துண்டு தொண்டையில் அடைக்க வேண்டும். வெயில் படும் பக்கம் சிவந்து, இலை மறைத்த பக்கம் வெளுத்துப் போவது ஆப்பிளின் இயல்பு. அந்த இயல்பைக் கவனித்த யாரோ ஒருவர்தான் இந்தக் காட்சியைக் கட்டியிருக்க முடியும். கதையின் தொடக்கத்தில் தாய் ஊசியால் விரலைக் குத்திக்கொண்டு, பனியில் விழுந்த குருதியைப் பார்த்து, பனிபோல் வெள்ளை, குருதிபோல் சிவப்பு, கருங்காலிபோல் கறுப்பு என்று ஒரு குழந்தைக்கு ஆசைப்படுகிறாளே, அந்த வெள்ளையும் சிவப்பும்தான் எமனாகத் திரும்பி வருகின்றன.

ஒரு சான்றும் தருகிறேன். இதே கதைக் கரு ஐரோப்பா முழுவதும் உண்டு. 17ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸில் பசீலே என்ற இத்தாலிய எழுத்தாளர் எழுதிய கதையில் சிறுமியை மயக்குவது தலையில் குத்திய சீப்பு. ஸ்காட்லாந்துக் கதையில் சாவித் துளை வழியே நீட்டிய சுண்டு விரலில் நஞ்சு குத்தப்படுகிறது. அவற்றில் ஆப்பிள் இல்லை, கதை நன்றாகவே ஓடுகிறது. ஆகவே கதைக் கருவுக்கு ஆப்பிள் கட்டாயம் இல்லை. கிரிம் சொன்ன வடிவத்துக்கு அது உயிர். முத்தத்தால் விழிப்பது கிரிம் கதையில் இல்லை. கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிச் செல்லும் வேலையாட்கள் புதரில் தடுக்கித் தடுமாற, அந்தக் குலுக்கலில் தொண்டையிலிருந்த துண்டு வெளியே வந்து விழுகிறது, அவள் கண் விழிக்கிறாள். முத்தம் 1937இல் டிஸ்னி படம் கொடுத்தது. அந்தப் படத்தில் பாதிக்குப் பாதி தந்திரமும் போய்விட்டது, முழுப் பழமும் நஞ்சில் தோய்கிறது. அதை ஓர் இழப்பாகவே நான் கருதுகிறேன். எதிரில் இருப்பவர் தின்று காட்டினாலும் நம்பிவிடாதே என்ற கூர்மை அதோடு போய்விட்டது.

கிரிம் தொகுப்பில் இன்னோர் ஆப்பிள் கதை உண்டு, அது பரவலாகத் தெரியாதது. ஓவியர் பிலிப் ஓட்டோ ரூங்கே வடஜெர்மன் பேச்சுமொழியில் எழுதித் தந்த "ஜூனிபர் மரம்" என்ற கதை, தொகுப்பில் 47ஆவது. குளிர்காலத்தில் முற்றத்து மரத்தடியில் நின்று ஆப்பிள் தோல் சீவும் பெண் விரலை வெட்டிக்கொள்கிறாள், குருதி பனியில் விழுகிறது, பிள்ளை வரம் கேட்கிறாள், மகன் பிறந்ததும் இறந்துபோகிறாள். இரண்டாம் மனைவி அந்தப் பையனை வெறுக்கிறாள். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தவனிடம், பெட்டியிலிருந்து ஓர் ஆப்பிள் எடுத்துக்கொள் என்கிறாள். கனத்த மூடியும் கூரிய இரும்புப் பூட்டும் உள்ள பெட்டி. அவன் குனிந்ததும் மூடியை அடித்துச் சாத்துகிறாள். தலை துண்டாகிச் சிவந்த ஆப்பிள்களுக்கு நடுவே விழுகிறது.

இந்தக் கொடூரத்தைச் சொல்வதற்குக் காரணம் அந்தப் பெட்டி. மாம்பழத்தைப் பெட்டியில் பூட்டி வைக்க முடியுமா? ஒரு வாரத்தில் ஈ மொய்க்கும். ஆப்பிள் அப்படி இல்லை. இலையுதிர் காலத்தில் பறித்த பின்பருவ வகைகளை வைக்கோலில் அடுக்கி நிலவறையிலோ பரணிலோ வைத்தால் அடுத்த வசந்தம் வரை வாடாமல் இருக்கும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வட ஐரோப்பாவில், வெளியே எல்லாம் உறைந்து கிடக்கும் மாதங்களில், ஒரு குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய புதிய இனிப்பு ஏறக்குறைய அது ஒன்றுதான். கதை சொல்வதும் அதே மாதங்களில், அதே அடுப்பங்கரையில். எதிரில் இருக்கும் பழம் வாய்க்குள் போவதற்கு முன் கதைக்குள் போய்விடுகிறது. ஏன் ஆப்பிள் என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் விடைகளில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

இளமை தரும் பழத்தின் கதையும் இங்கேதான் புரிகிறது. வட ஐரோப்பியப் புராணத்துத் தெய்வங்கள் மூப்படையாமல் இருக்க இதுன் என்ற தேவி ஒரு பெட்டியில் ஆப்பிள் வைத்திருக்கிறாள். அரக்கன் அவளைத் தூக்கிச் சென்றதும் தேவர்கள் எல்லாரும் நரைத்துத் தளர்ந்துபோகிறார்கள். இதை ஏறக்குறைய 1220இல் ஸ்நோரி ஸ்டுர்லுசன் ஐஸ்லாந்தில் எழுதிவைத்தார். அந்தச் சொல் அங்கே எந்தப் பழத்தையும் குறித்திருக்கலாம், ஆப்பிள் பிற்காலச் சேர்க்கை என்று சில ஆய்வாளர்கள் ஐயப்படுகிறார்கள். ஐயம் நியாயமானது. ஆனால் நார்வேயில் ஒசெபெர்க் என்னும் இடத்தில் 834இல் புதைக்கப்பட்ட கப்பலைத் தோண்டியபோது, இறந்த பெண்களோடு ஒரு வாளி நிறையக் காட்டு ஆப்பிளும் கிடைத்தது. மறுமைக்குக் கொடுத்து அனுப்பும் பொருளாக அதை அம்மக்கள் கருதினார்கள் என்பது வரை உறுதி. ஆர்தர் அரசன் கடைசியாகப் போய்ச் சேர்ந்த அவலோன் தீவை மான்மத் ஊர் ஜெஃப்ரி 12ஆம் நூற்றாண்டில் "ஆப்பிள் தீவு" என்று லத்தீனில் எழுதினார். அதற்குப் பின்னால் இருக்கும் கெல்டிக் மரபைப் பற்றிப் பேச அம்மொழிகளைப் படித்தவர்கள்தாம் வேண்டும், நான் படித்ததில்லை.

வில்லியம் டெல் கதையைப் பற்றிச் சொன்னால் சுவிட்சர்லாந்து அன்பர்கள் மனம் வருந்தக்கூடும். கதை இது: ஆல்ட்டோர்ஃப் ஊரில் கெஸ்லர் என்ற அதிகாரி கம்பத்தில் தன் தொப்பியை மாட்டி எல்லாரும் வணங்கச் சொல்கிறான், டெல் வணங்கவில்லை, தண்டனையாக மகன் தலையில் வைத்த ஆப்பிளை அம்பால் வீழ்த்த வேண்டும். வீழ்த்துகிறான். கூடவே எடுத்துவைத்த இன்னோர் அம்பு எதற்கு என்று கெஸ்லர் கேட்டால், மகனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது உனக்கு என்கிறான். சம்பவம் 1307 நவம்பர் 18இல் நடந்ததாக ஒரு தேதியும் உண்டு. அந்தத் தேதியைக் கொடுத்தவர் 16ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சுடி. கதை முதன்முதலில் எழுத்தில் வருவது சார்னன் ஊரின் "வெள்ளைப் புத்தகம்" என்ற கையெழுத்துத் தொகுப்பில், ஏறக்குறைய 1470இல். இடைப்பட்ட ஒன்றரை நூற்றாண்டில் டெல் என்ற பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. மாறாக, 1200ஐ ஒட்டி சாக்ஸோ என்ற டென்மார்க் அறிஞர் எழுதிய வரலாற்றில் டோக்கோ என்ற வில்லாளி இருக்கிறான். குடிபோதையில் பெருமை பேசியதற்காக ஹரால்டு மன்னன் அவன் மகன் தலையில் ஆப்பிளை வைக்கச் சொல்கிறான். அவனும் அதிகப்படி அம்புகளை எடுத்துவைத்து, மன்னன் கேட்டபோது அதே பதிலைச் சொல்கிறான். இந்த ஒற்றுமையைச் சுட்டி 1760இல் ஒரு சுவிஸ் பாதிரியார் டெல் கதை டென்மார்க் கட்டுக்கதை என்று சிறு நூல் வெளியிட்டார். ஆல்ட்டோர்ஃபில் அதைப் பகிரங்கமாகக் கொளுத்தினார்கள். இன்று வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் அந்தப் பாதிரியார் பக்கமே. பழத்தை மாற்றிப் பார்த்தால்? ஐஸ்லாந்துக் கதை ஒன்றில் ஹெமிங் என்பவன் தன் தம்பி தலையிலிருந்து வீழ்த்துவது ஒரு சின்னக் கொட்டை, ஹேசல் கொட்டை. கதை அப்போதும் நிற்கிறது. குறி பார்க்க ஓர் உருண்டை இருந்தால் போதும். டெல் நடக்காத கதை என்பதால் அந்த மக்களின் சுதந்திர வேட்கை பொய்யாகிவிடாது. 1804இல் ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லர் நாடகமாக்கிய பிறகு அந்தக் கதையே ஒரு வரலாற்றுச் சக்தியாகிவிட்டது.

நியூட்டன் விஷயத்தில் வியப்பான செய்தி, பாதிக்கு மேல் உண்மை. சாட்சி இருக்கிறது. 1726 ஏப்ரல் 15ஆம் தேதி வில்லியம் ஸ்டூக்லி என்ற மருத்துவர் லண்டன் கென்சிங்டனில் நியூட்டன் வீட்டுக்குப் போயிருந்தார். நியூட்டனுக்கு அப்போது 83 வயது. உணவு முடிந்தது, வெயில் இதமாக இருந்தது, இருவரும் தோட்டத்தில் ஆப்பிள் மரங்களின் நிழலில் உட்கார்ந்து தேநீர் அருந்தினார்கள். முன்பு ஒருமுறை இதேபோல உட்கார்ந்திருந்தபோதுதான் ஈர்ப்பு பற்றிய எண்ணம் வந்தது, ஓர் ஆப்பிள் விழுந்தது, அது ஏன் பக்கவாட்டிலோ மேலேயோ போகாமல் எப்போதும் நேராகத் தரைக்கே வருகிறது என்று யோசித்தேன் என்று நியூட்டன் சொன்னார். ஸ்டூக்லி இதைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்தார். அந்தக் கையெழுத்துப் படியை லண்டன் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி 2010இல் இணையத்தில் வெளியிட்டது. நியூட்டனின் மருமகள் முறைப் பெண்ணை மணந்த ஜான் காண்டுயிட்டும் இதை எழுதியிருக்கிறார், பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேரும் எழுதியிருக்கிறார். ஆக, ஆப்பிள் விழுந்ததாக நியூட்டன் தம் வாயாலேயே சொன்னார் என்பது உறுதி. தலையில் விழுந்தது என்று இவர்களில் எவரும் எழுதவில்லை. அது பிற்காலத்தார் ஒட்டவைத்தது.

ஐயத்துக்கு இடமான பகுதி வேறு. நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலம் கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜ் மூடப்பட்டு, நியூட்டன் லிங்கன்ஷயரில் வூல்ஸ்தார்ப் என்ற தம் ஊரில் இருந்த 1665-66. அவர் அதைச் சொன்னது அறுபது ஆண்டுகள் கழித்து. அந்த ஒரு கணத்தில் ஈர்ப்பு விதி முழுதாகப் பிறந்துவிட்டது என்ற எண்ணம் பிழை. அறிவியலாளர் ராபர்ட் ஹூக்குடன் 1679-80இல் நடந்த கடிதப் போக்குவரத்து, 1684இல் வானியலாளர் எட்மண்ட் ஹாலி நேரில் வந்து கேட்ட கேள்வி, இவை எல்லாம் சேர்ந்துதான் 1687இல் ஈர்ப்பு விதியை விளக்கும் பிரின்சிபியா நூலாக வந்தது. பழம் விழுந்ததற்கும் நூல் வந்ததற்கும் நடுவே இருபது ஆண்டு உழைப்பு. மகளுக்குச் சொல்லும்போது அந்த இருபது ஆண்டுகளை விட்டுவிடாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பாடம் படிக்கும் பிள்ளைகள் மேதைமை என்பது தலையில் விழும் அடி என்று நம்பிவிட்டால், கணக்கு ஒருமுறை வரவில்லை என்றதும் கைவிட்டுவிடுவார்கள். வூல்ஸ்தார்ப் மரம் 1820 வாக்கில் புயலில் சாய்ந்து, சாய்ந்த அடிமரத்திலிருந்தே மறுபடி தழைத்து இன்றும் காய்க்கிறது. சமையலுக்கு ஆகும் பருத்த காய், "கென்ட்டின் மலர்" என்ற வகை. அந்த மரத்தின் ஒரு துண்டை 2010இல் அட்லாண்டிஸ் விண்கலத்தில் ஈர்ப்பு உணரப்படாத இடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அமெரிக்காவின் ஜானி ஆப்பிள்சீடைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஆப்பிளை எடுத்துவிட்டால் ஒன்றுமே மிஞ்சாத கதை அதுதான். தலையில் தகரப் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு, வெறுங்காலோடு, போகிற வழியெல்லாம் ஆப்பிள் விதை தூவிய சாது என்று குழந்தைப் புத்தகங்கள் காட்டும் மனிதர் கற்பனை அல்லர். ஜான் சாப்மன், மாசசூசெட்ஸில் 1774இல் பிறந்தவர், 1845இல் இண்டியானாவில் இறந்தவர். ஸ்வீடன்போர்க் என்ற ஞானியின் கொள்கைகளைப் பரப்பியவர், எளிமையாக வாழ்ந்தவர், இவை உண்மை. தூவிக்கொண்டே போனார் என்பது உண்மை இல்லை. பென்சில்வேனியாவில் ஆப்பிள் சாறு பிழியும் ஆலைகளில் மிஞ்சும் சக்கையிலிருந்து விதை எடுத்து, குடியேற்றக்காரர்கள் வந்து சேர்வதற்கு முன்பே ஒஹாயோ ஆற்றுப் பகுதிகளில் வேலியடைத்து நாற்றங்கால் போட்டு, அவர்கள் வந்ததும் கன்றுகளை விற்றார். கன்றுக்கு ஏன் தேவை? நிலம் கொடுத்த ஒஹாயோ கம்பெனி, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் ஐம்பது ஆப்பிள் கன்றும் இருபது பீச் கன்றும் நட்டால்தான் நிலம் உனக்கு என்று நிபந்தனை வைத்திருந்தது. குடியேறியவன் நிலைத்து நிற்பான் என்பதற்கு மரம் சாட்சி. சாப்மன் இறந்தபோது அவர் பெயரில் 1,200 ஏக்கருக்கு மேல் நிலம் இருந்தது.

இன்னும் உள்ளே போனால் ஆப்பிளின் குணம் வெளிப்படும். ஆப்பிள் விதையிலிருந்து தாய்ப்பழம் போன்ற பழம் வராது. நல்ல மாமரத்தின் ஒட்டுக்கு நாம் அலைவதுபோல, நல்ல ஆப்பிள் வேண்டுமென்றால் ஒட்டுத்தான் கட்ட வேண்டும். சாப்மன் மரத்தை வெட்டி ஒட்டுவது பாவம் என்று கருதினார், ஆகவே விதைக் கன்று மட்டுமே விற்றார். அவற்றில் காய்த்தவை பெரும்பாலும் கடிக்க முடியாத புளிப்பு, துவர்ப்பு. அவை தின்பதற்கு உரியவை அல்ல. பிழிந்து புளிக்கவைத்து சைடர் என்னும் மதுவாகக் குடிப்பதற்கு உரியவை. எல்லைப்புறக் குடிசைகளில் அவரை வரவேற்றதற்கு அதுவும் ஒரு காரணம். 1871இல் ஒரு பெரிய பத்திரிகை அவரைப் புனிதராக்கி எழுதியபோதும், 1948இல் டிஸ்னி அவரைப் பாடவைத்தபோதும் இந்த மது வாசனையைக் கழுவிவிட்டார்கள்.

சின்னச் சடங்குகளிலும் ஆப்பிள்தான் ஆக வேண்டும் என்ற இடங்கள் உண்டு. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் ஹாலோவீன் இரவில் பெண்கள் ஆப்பிள் தோலை அறுபடாமல் ஒரே நீள நாடாவாகச் சீவி, தோளுக்குப் பின்னால் எறிவார்கள். அது விழுந்து காட்டும் எழுத்து வருங்காலக் கணவன் பெயரின் முதல் எழுத்து. கொய்யாவிலோ பேரீச்சையிலோ இது நடக்காது. ஆங்கில எழுத்தில் எஸ், ஜே, சி என்று பெயர் தொடங்கும் ஆண்களுக்கு இது மிகவும் சாதகம், தோல் சுருண்டுதான் விழும். "தினம் ஓர் ஆப்பிள், மருத்துவர் தேவையில்லை" என்ற பழமொழி வேல்ஸ் பகுதி பெம்புரோக்ஷயரில் வழங்கிய ஒரு பழைய வடிவத்தில் 1866இல் பதிவாகியிருக்கிறது: படுக்கப் போகும்போது ஓர் ஆப்பிள் தின்றால் மருத்துவருக்குப் பிழைப்பு போய்விடும் என்பது அதன் சாரம். 2015இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, தினம் ஆப்பிள் தின்பவர்கள் மருத்துவரைப் பார்ப்பது கணிசமாகக் குறையவில்லை, மருந்துச் சீட்டு மட்டும் சற்றுக் குறைவு என்று கண்டது.

நியூயார்க்குக்குப் "பெரிய ஆப்பிள்" என்ற பட்டப்பெயர் வந்தது 1920களில் குதிரைப் பந்தயச் செய்தியாளர் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டு வழியாக. நியூ ஆர்லியன்ஸ் லாயத் தொழிலாளர்கள் பேச்சிலிருந்து அதை எடுத்ததாக அவரே எழுதினார். ஏவாள் என்ற விடுதிக்காரியிடமிருந்து வந்தது என்ற கதை இட்டுக்கட்டியது. ஆப்பிள் கணினிச் சின்னத்தில் உள்ள கடி, 1954இல் சயனைடால் இறந்த கணித மேதை ஆலன் டூரிங்குக்கு அஞ்சலி என்ற செய்தி ஆண்டுதோறும் கைப்பேசிகளில் சுற்றுகிறது. டூரிங்கின் படுக்கையருகே பாதி கடித்த ஆப்பிள் கிடந்தது உண்மை. அதில் நஞ்சு இருந்ததா என்று யாரும் சோதிக்கவில்லை. 1977இல் அந்தச் சின்னத்தை வரைந்த ராப் ஜேனாஃப், சிறிதாக அச்சிட்டால் செர்ரிப் பழம் என்று நினைத்துவிடக் கூடாதே என்பதற்காகத்தான் கடி வைத்தேன், டூரிங் என் நினைவில் இல்லை என்று பலமுறை சொல்லிவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு வரையப்பட்ட முதல் சின்னத்தில் இருந்தவர் மரத்தடியில் உட்கார்ந்த நியூட்டன். அவர் தலைக்கு மேல் ஒற்றை ஆப்பிள் தொங்கும்.

உங்கள் மகளுக்கு எத்தனை வயது என்று நீங்கள் சொல்லவில்லை. ஸ்னோ ஒயிட்டை 1857ஆம் ஆண்டின் கடைசிப் பதிப்பை ஒட்டிய மொழிபெயர்ப்பில் படித்துக் காட்டுங்கள், அரசி பழத்தை இரண்டாக வெட்டும் இடத்தில் நிறுத்தி, நீயாக இருந்தால் எந்தப் பாதியைக் கேட்பாய் என்று கேளுங்கள். ஜூனிபர் மரத்தை மட்டும் பத்து வயது ஆகும் வரை தள்ளிவையுங்கள். அதில் நான் மேலே சொல்லாமல் விட்ட இன்னொரு பகுதி, அந்தத் தந்தை உண்ணும் இரவு உணவு, சிறு பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.